தந்தையின் நூல், மகளின் வீணை



வெள்ளிக்கிழமை ஆராதனையில் நீங்கள் கட்டாயம் கவனித்திருப்பீர்கள். முன்வரிசையில் ஓர் அப்பா நிற்கிறார். அவர் கையில் ஊரிலிருந்து கொண்டுவந்த கீர்த்தனைப் புத்தகம். அட்டை கிழிந்து, பிளாஸ்திரி ஒட்டி, முதல் பக்கத்தில் அவருடைய அம்மாவின் பெயர் எழுதியிருக்கும். பக்கத்தில் அவருடைய மகள். அவள் கையில் கைபேசி. அதே பாட்டுத்தான், ஆனால் ஆங்கில எழுத்தில். ராகம் அவளுக்குச் சரியாக வருகிறது. சில சொற்களுக்கு மட்டும் பொருள் தெரியாது.

இதைப் பார்த்து நம்மில் பலர் பெருமூச்சு விடுகிறோம். "நமக்குப் பிறகு இந்தப் பாட்டை யார் பாடுவார்கள்?" என்று ஃபர்வானியாவின் அடுக்குமாடி வீடுகளில் நடக்கும் எத்தனையோ ஜெபக்கூட்டங்களில், தேநீர் வேளையில் பேசிக்கொள்கிறோம். இந்த ஆண்டு விழா மலரில் அந்தக் கேள்விக்கு ஒரு பழைய வீட்டின் கதையைப் பதிலாகச் சொல்ல விரும்புகிறேன். அந்த வீடு தஞ்சாவூரில் இருந்தது. அதில் ஒரு தகப்பனும் அவருடைய பிள்ளைகளும் இருந்தார்கள்.

பாடகரின் பிள்ளைகள்

அதற்கு முன் உங்கள் வேதாகமத்தில் 1 நாளாகமம் 25-ம் அதிகாரத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். பெயர்ப் பட்டியல் என்று நாம் வேகமாகக் கடந்துபோகும் அதிகாரம் அது. தாவீது ஆலயத்தின் பாட்டுப் பணிக்கு ஆசாப், எதுத்தூன், ஏமான் என்ற மூவரின் பிள்ளைகளைப் பிரித்து நியமிக்கிறான். ஏமானுக்குப் பதினான்கு குமாரரும் மூன்று குமாரத்திகளும் இருந்தார்கள் என்று அங்கே எழுதியிருக்கிறது. பாட்டில் தேறியவர்களின் தொகை 288. அவர்கள் முறைகளுக்குச் சீட்டுப் போட்டபோது சிறியவர், பெரியவர் என்றோ, ஆசான், மாணாக்கன் என்றோ வேறுபாடு பார்க்கவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். எஸ்றா 2-ம் அதிகாரத்தில், பாபிலோன் சிறையிருப்பிலிருந்து திரும்பி வந்தவர்களின் கணக்கில், பாடகராகிய ஆசாபின் புத்திரர் 128 பேர் என்று வருகிறது. அந்நிய தேசத்திலே தலைமுறைகள் கழிந்தும் "பாடகரின் பிள்ளைகள்" என்ற பெயர் அவர்களை விட்டுப் போகவில்லை. வளைகுடாவில் வாழும் நமக்கு இந்த எண்ணிக்கை ஆறுதல் தரவேண்டும்.

தஞ்சையின் முதல் வீடு

தமிழ்த் திருச்சபையின் வரலாற்றிலும் இப்படிப்பட்ட வீடுகள் உண்டு. அவற்றில் மூத்தது வேதநாயகம் சாஸ்திரியாரின் வீடு. 1774-ல் திருநெல்வேலியில் பிறந்தவர் அவர். சிறுவயதிலேயே ஸ்வார்ட்ஸ் ஐயரோடு தஞ்சாவூருக்கு வந்தார். ஸ்வார்ட்ஸின் பராமரிப்பில் இருந்த இளவரசர் சரபோஜியும் இவரும் இளமையிலேயே பழகியவர்கள். 1800-ல் சாஸ்திரியார் "பெத்லகேம் குறவஞ்சி" இயற்றினார். குறவஞ்சி என்பது அன்று கோயில்களிலும் அரண்மனைகளிலும் ஆடிப்பாடிய வடிவம். குறத்தி வந்து குறி சொல்லும் அந்த வடிவத்தையே எடுத்து அதற்குள் சுவிசேஷத்தை வைத்தார். "சுவிசேஷ கவிராயர்" என்ற பட்டம் பெற்றவர் அவர். 1853-ல் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த எட்வர்ட் வெப் ஐயர் தமிழ்க் கீர்த்தனைகளைத் தொகுத்து வெளியிட்டபோது சாஸ்திரியாரின் பாடல்களே அதற்குப் பெரிய ஆதாரமாக இருந்தன. இன்று நாம் பாடும் கீர்த்தனைகளிலும் அவருடையவை எத்தனையோ.

சாஸ்திரியார் தனியாகப் பாடவில்லை. குழுவாக உட்கார்ந்து, கதை சொல்லி, இடையிடையே பாடுவது அவர் வழக்கம். அந்தப் பாட்டில் அவருக்குத் துணையாக நின்றவர் மகள் ஞானதீப அம்மாள். 1864-ல் சாஸ்திரியார் மறைந்தார். ஆனால் வீட்டில் பாட்டு நிற்கவில்லை. ஆறாம் தலைமுறையில் கிளமெண்ட் வேதநாயகம் சாஸ்திரியார் அதே தஞ்சை மரபில் கதாகாலட்சேபம் செய்தார். ஒரு குடும்பம் ஒரு பாட்டை ஆறு தலைமுறை சுமந்தது.

இரண்டாவது வீடு

சாஸ்திரியார் மறைவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1859 ஆகஸ்ட் 2-ம் தேதி, தென்காசிப் பக்கம் சாம்பவர்வடகரையில் ஒரு குழந்தை பிறந்தது. அவர்தான் ஆபிரகாம் பண்டிதர்.

திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்றார். அங்கேயே வயலினும் கற்றார். தஞ்சாவூருக்கு வந்து ஒரு பெண்கள் பள்ளியில் ஆசிரியராக இருந்தார். அவருடைய மனைவி ஞானவடிவு பொன்னம்மாளும் ஆசிரியையே. ஆனால் பண்டிதரின் மனம் மூலிகையிலும் சித்த மருத்துவத்திலும் இருந்தது. சுருளி மலையில் கருணானந்தர் என்ற பெரியவரைக் கண்டு அவரிடம் மருந்து முறைகளைக் கற்றார். பின்பு பள்ளி வேலையை விட்டு முழுநேர மருத்துவரானார். தம் மருந்துச்சாலைக்குக் "கருணாநிதி" என்றும், பின்னாளில் தம் பெரிய நூலுக்குக் "கருணாமிர்த சாகரம்" என்றும் பெயர் வைத்தார். நல்ல கிறிஸ்தவராக வாழ்ந்த அவர், தமக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரைக் கடைசிவரை மறக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

மருந்து அவருக்குப் பணம் தந்தது. பண்டிதர் அந்தப் பணத்தை இசையில் போட்டார்.

அந்நாளில் கர்நாடக இசை கற்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதலில் கிடைப்பது பெரும்பாலும் தெலுங்குப் பாட்டு. பொருள் தெரியாமலே பிள்ளைகள் பாடினார்கள். கைபேசியில் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பாடும் நம் பிள்ளைகளின் நிலைக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. பண்டிதர் அதைக் கண்டு பெருமூச்சு விட்டு நிற்கவில்லை. தொடக்கநிலை மாணவருக்கான கீதங்கள், சுரஜதிகள், கீர்த்தனைகளைத் தாமே தமிழில் இயற்றி 1907-ல் "கருணாமிர்த சாகரத் திரட்டு" என்று அச்சிட்டார். அவற்றில் பல கர்த்தரைத் துதிக்கும் பாடல்கள்.

1912-ல் தஞ்சாவூரில் "சங்கீத வித்யா மகாஜன சங்கம்" என்ற அமைப்பைத் தொடங்கினார். அதே ஆண்டு முதல் 1914 வரை ஆறு இசை மாநாடுகளைத் தம் சொந்தச் செலவில் நடத்தினார். வித்துவான்களையும் அறிஞர்களையும் அழைத்து, உணவும் தங்குமிடமும் கொடுத்து, ஒரு கேள்வியை அவர்கள் முன் வைத்தார். ஒரு ஸ்தாயியில் சுருதிகள் எத்தனை?

இசை அறியாத வாசகருக்காக இதைக் கொஞ்சம் எளிமையாகச் சொல்கிறேன். கீழ் "ச" தொடங்கி மேல் "ச" வரையிலான தூரமே ஒரு ஸ்தாயி. ஹார்மோனியத்தில் அந்தத் தூரத்தில் பன்னிரண்டு கட்டைகள் இருக்கும். நம் ராகங்களோ அந்தக் கட்டைகளுக்கு நடுவிலும் அசைகின்றன. அந்த நுட்பமான இடங்களே சுருதிகள். வடமொழி இசை நூல்கள் அவை 22 என்றன. பெரும்பாலான அறிஞர்கள் அதையே ஏற்றிருந்தார்கள். பண்டிதர் சிலப்பதிகாரத்தையும் அதன் உரைகளையும் ஆராய்ந்தார். ஆயப்பாலையில் ஸ்தாயி பன்னிரண்டாகவும், வட்டப்பாலையில் 24 ஆகவும், திரிகோணப்பாலையில் 48 ஆகவும், சதுரப்பாலையில் 96 ஆகவும் பிரிகிறது என்றும், அந்தப் பிரிவுகள் சமமானவை என்றும் கணக்குப் போட்டுக் காட்டினார். தமிழரின் பழைய இசைக்குத் தனி இலக்கணம் உண்டு என்பதே அவர் நிலைநாட்ட விரும்பியது.

பரோடாவில் ஒரு சபை

1916 மார்ச் மாதம் பரோடாவில் மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாடின் ஆதரவில் முதலாவது அகில இந்திய இசை மாநாடு கூடியது. அதற்குப் பின்னால் நின்று உழைத்தவர் பண்டிட் விஷ்ணு நாராயண் பாத்கண்டே. 22 சுருதிக்காக வாதாடி, அதற்கென்றே தனி ஹார்மோனியம் அமைத்த எர்னெஸ்ட் கிளெமெண்ட்ஸ், கே. பி. தேவல் போன்றோர் பேர்பெற்றிருந்த காலம் அது. பண்டிதர் தம் கணக்கைச் சொல்ல அந்தச் சபைக்குப் போனார்.

தனியாகப் போகவில்லை. மகள் மரகதவல்லி அம்மாளையும், குடும்பத்தைச் சேர்ந்த கனகவல்லி அம்மாளையும் அழைத்துச் சென்றார். தகப்பன் தாளில் எழுதிய சுருதிகளை அந்தப் பெண்கள் வீணையிலும் குரலிலும் இசைத்துக் காட்டினார்கள்.

அன்பான வாசகரே, இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். ஆண்டு 1916. இசையைத் தொழிலாகக் கொண்ட மரபைச் சேராத குடும்பங்களில் பெண்கள் பொதுச் சபையில் பாடுவது வழக்கமில்லாத காலம். அந்தத் தடையை உடைத்து மேடையேறியவர் என்று நாம் போற்றும் டி. கே. பட்டம்மாள் அப்போது பிறக்கவே இல்லை. அவர் பிறந்தது 1919-ல். அப்படிப்பட்ட நாளில் ஒரு தமிழ்க் கிறிஸ்தவ வீட்டுப் பெண்கள், மொழி தெரியாத ஊரில், மன்னர் கூட்டிய சபையில், வாதாட வந்த அறிஞர்கள் முன் வீணையை எடுத்து உட்கார்ந்தார்கள்.

பண்டிதருக்கு வித்துவான்களின் பழக்கம் குறைவில்லை. ஆறு மாநாடுகளுக்கு வந்தவர்களில் பெரிய பெயருள்ள ஒருவரை அழைத்துப் போயிருக்கலாம். தம் வாழ்நாள் உழைப்பு நிற்குமா விழுமா என்ற நாளில் அவர் தம் வீட்டுப் பிள்ளைகளை நம்பினார். காரணம் தெளிவு. 24 சுருதி என்பதைக் காகிதத்தில் யாரும் எழுதலாம். அதைக் காதில் கேட்டு, விரலில் பிடித்து, ஒரு ராகத்தில் உயிரோடு நிறுத்திக் காட்டப் பல ஆண்டுப் பழக்கம் வேண்டும். அந்தப் பழக்கம் அவர் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் வளர்ந்த பிள்ளைகளுக்கு இருந்தது. தகப்பன் எழுதிய நூலுக்கு மகளின் வீணைதான் சாட்சி.

சுருதிகள் எத்தனை என்ற வாதம் அந்தச் சபையோடு முடியவில்லை. இசை அறிஞர்களிடையே இன்றும் அது உண்டு. ஆனால் நான் சொல்ல வந்தது வாதத்தின் முடிவை அல்ல. ஒரு தகப்பன் தாம் உயிரோடு இருக்கும்போதே, தம் பக்கத்திலேயே, பிள்ளையின் கையில் பொறுப்பைக் கொடுத்தார் என்பதையே சொல்ல வந்தேன்.

முடியாமல் நின்ற புத்தகம்

1917-ல் கருணாமிர்த சாகரத்தின் முதல் புத்தகம் வெளிவந்தது. ஆயிரம் பக்கங்களைத் தாண்டிய அந்த நூலைப் பண்டிதர் தம் சொந்த அச்சகமான லாலி எலெக்ட்ரிக் பிரஸ்ஸில் அச்சிட்டார். ராகங்களைப் பற்றிய இரண்டாம் புத்தகத்தை அவர் அச்சில் காணவில்லை. 1919 ஆகஸ்ட் 31-ம் தேதி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.

இரண்டாம் புத்தகம் 1946-ல் வெளிவந்தது. இடையில் 27 ஆண்டுகள். ஓர் உலகப்போர் தொடங்கி முடிந்துவிட்டது. மறைந்துபோன மனிதர் ஒருவரின் தாள்களைக் கரையானுக்கும் ஈரத்துக்கும் தப்புவித்து வைத்திருக்க 27 ஆண்டுகள் சிறிய காலமல்ல. பழைய தாள்களை என்ன செய்வோம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். ஒவ்வொரு முறை வீடு மாறும்போதும் ஒரு பெட்டி குறையும்.

இதே கதை ஜெர்மனியிலும் உண்டு. நம் ஆலயங்களில் ஆர்கன் வாசிப்போர் போற்றும் ஜோஹான் செபாஸ்தியான் பாக் 1750-ல் மறைந்தார். அவருடைய கையெழுத்துப் படிகள் பிள்ளைகளுக்குப் பிரிந்தன. மூத்தவர் வில்ஹெல்ம் ஃபிரீடமன் வறுமையில் தம் பங்கில் பலவற்றை விற்றார். இளையவர் கார்ல் பிலிப் இமானுவேல் தம் பங்கைப் பத்திரமாகக் காத்தார். அப்படித் தப்பிய "மத்தேயு பாடுகள்" இசையை 1829-ல் பெர்லினில் மெண்டல்சன் மீண்டும் பாடவைத்தபோதுதான் உலகம் பாக்கைத் திரும்பக் கண்டது. ஒருவர் காத்ததும் மற்றவர் இழந்ததும் ஒரே தகப்பனின் சொத்து.

பண்டிதரின் பிள்ளைகள் காத்ததோடு நிற்கவில்லை. மகன் வரகுணபாண்டியன் தாமே ஆராய்ச்சியில் இறங்கி, 1950-ல் "பாணர் கைவழி" என்னும் யாழ் நூலை வெளியிட்டார். பழந்தமிழரின் யாழுக்கும் இன்றைய வீணைக்கும் உள்ள உறவை அதில் வாதிட்டார். மூன்றாண்டுகளுக்கு முன் சுவாமி விபுலாநந்தர் தம் "யாழ் நூலில்" சொன்ன கருத்துக்கு அது மாற்றுக் கருத்து. பேரர் து. ஆ. தனபாண்டியன் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இசை ஆய்வு செய்து "நுண்ணலகுகளும் இராகங்களும்" என்ற நூலை எழுதினார். நுண்ணலகு என்பது சுருதியின் தமிழ்ப் பெயர். தாத்தா தஞ்சையில் எழுப்பிய கேள்வியைப் பேரன் அதே ஊரில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மகள் வீணை வாசித்தார், மகன் யாழை ஆராய்ந்தார், பேரன் பல்கலைக்கழகத்துக்குப் போனார். ஒருவரும் பண்டிதரை அப்படியே திரும்பச் செய்யவில்லை. ஒவ்வொருவரும் அவர் விட்ட இடத்திலிருந்து ஒரு முழம் முன்னே போனார்கள்.

நம் கையில் உள்ள ஆண்டுகள்

இனி உங்களோடு நேராகப் பேசலாம் என்று நினைக்கிறேன்.

நம்மில் பெரும்பாலோருக்கு, பிள்ளைகள் நம்மோடு இருப்பது பதினேழு அல்லது பதினெட்டு ஆண்டுகள்தான். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் கல்லூரிக்காக விமானம் ஏறிவிடுகிறார்கள். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு, "கல்யாணம் ஆனபிறகு கற்றுக்கொள்வாள்" என்று சொல்லத் தாத்தா பாட்டியும் தெருவும் கோயில் மணியும் இருக்கின்றன. நமக்கு வெள்ளிக்கிழமை ஒன்றுதான் இருக்கிறது. ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு வெள்ளி. அதிலும் விடுமுறைக்கு ஊருக்குப் போகும் வாரங்களைக் கழித்துவிடுங்கள்.

அந்தச் சில வெள்ளிக்கிழமைகளில் நாம் பிள்ளைகளுக்கு என்ன பொறுப்பு கொடுக்கிறோம்? கிறிஸ்துமஸ் நிகழ்ச்சியில் ஒரு பாட்டு, கைதட்டல், ஒரு பரிசு. மற்ற நாளெல்லாம் "நீ சும்மா உட்கார், பெரியவர்கள் பாடுகிறோம்." பிறகு அவர்கள் பாடவில்லை என்று நாமே வருந்துகிறோம். பண்டிதர் தம் மகளைக் கைதட்டலுக்காக மேடையேற்றவில்லை. தமக்கு மிக முக்கியமான நாளில், தாம் தோற்றுப்போகக்கூடிய இடத்தில் ஏற்றினார். பிள்ளைக்குத் தன் தகப்பன் தன்னை நம்புகிறார் என்று தெரிவது அப்போதுதான்.

ஆகவே மூன்று காரியங்களை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டில் ஒரே ஒரு கீர்த்தனையைத் தேர்ந்தெடுங்கள். உங்கள் அம்மாவோ தாத்தாவோ பாடியதாக இருக்கட்டும். அதன் ஒவ்வொரு சொல்லுக்கும் பிள்ளைக்குப் பொருள் சொல்லுங்கள். யார் இயற்றியது, உங்கள் ஊரில் எந்த வேளையில் பாடுவார்கள் என்பதையும் சொல்லுங்கள். பாட்டு ஆங்கில எழுத்தில் இருந்தாலும் குறையில்லை. பொருள் தெரிந்த பிள்ளை எழுத்தைத் தானே தேடி வரும்.

இரண்டாவது, ஆராதனையில் பாட்டைத் தொடங்கும் பொறுப்பைப் பிள்ளைகளிடம் கொடுங்கள். சுருதி கொஞ்சம் தப்பலாம். தாளம் ஓடலாம். பெரியவர்கள் பின்பாட்டுப் பாடித் தாங்கிக்கொள்வோம். அவர்கள் கீபோர்டில் வேறு இசை சேர்த்தால் முகம் சுளிக்க வேண்டாம். சாஸ்திரியாரும் தம் நாளில் இருந்த குறவஞ்சியை எடுத்துத்தான் சுவிசேஷத்தைப் பாடினார்.

மூன்றாவது, உங்களிடம் இருக்கும் தாள்களைக் காத்துவையுங்கள். நம் மூத்த பாடகர்களின் நோட்டுப் புத்தகங்கள், கையால் எழுதிய சுரக்குறிப்புகள், பழைய ஒலிநாடாக்கள், முந்திய ஆண்டுவிழா நிகழ்ச்சித் தாள்கள் எல்லாம் ஏதோ ஒரு வீட்டின் பரணிலோ கட்டிலின் அடியிலோ இருக்கும். விசா முடிந்து ஒரு குடும்பம் ஊர் திரும்பும்போது முதலில் குப்பைக்குப் போவது அவைதான். அடுத்த முறை பெட்டி கட்டும்போது சபையில் யாரிடமாவது ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

தஞ்சாவூருக்குப் போகும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால், அங்கே ஆபிரகாம் பண்டிதர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. பேருந்தும் ஆட்டோவும் நெரியும் சாதாரணச் சாலைதான். பிள்ளைகளை அந்தச் சாலையில் ஐந்து நிமிடம் நடத்திக்கொண்டு போய், இந்தப் பெயருக்குரியவர் யார் என்று சொல்லுங்கள். சொல்லும்போது மரகதவல்லி அம்மாளின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் பெயரில் சாலை இருக்கிறதோ இல்லையோ, தகப்பனின் நூலைத் தன் கையால் ஒலிக்கச் செய்தவர் அவர்.

அடுத்த வெள்ளிக்கிழமை முன்வரிசையில் அந்த அப்பாவும் மகளும் மறுபடி நிற்பார்கள். கிழிந்த புத்தகத்தை அவர் மகளின் கையில் கொடுத்து, "இந்தப் பாட்டை நீ தொடங்கு, அம்மா" என்று சொல்லட்டும். சபையாராகிய நாம் சேர்ந்து பாடுவோம்.

கர்த்தர் நம் பிள்ளைகளின் நாவில் புதுப்பாட்டைத் தருவாராக. ஆமென்.